எழுந்து கொடுத்த ரிப்போர்ட்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். போனில் எதுவும் பேசக் கூடாது, மெயிலும் அனுப்பக் கூடாது என்று வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார். என் கையெழுத்து புரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மருந்துக் கடையில் கொடு, படித்துச் சொல்வார்கள்.

போன வியாழக்கிழமை மூன்று அதிகாரிகள் வந்து ஸ்கேன் மெஷினைத் துணியால் மூடி, கட்டி, சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அறைக்கும் சீல். நீ வாங்கிக் கொடுத்த முதுகுத் தலையணைகூட உள்ளேதான் மாட்டிக்கொண்டது. வெளியே காத்திருந்த பெண்கள் எல்லாரையும், தண்ணீர் குடித்து வயிறு முட்ட உட்கார்ந்திருந்தவர்களை, அப்படியே எழுப்பி அனுப்பினோம். நர்ஸம்மா அழுதுவிட்டாள்.

காரணம் ஒரு புகார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று நான் சொல்கிறேனாம். ‘இங்கே சொல்லப்படாது’ என்று சுவரில் முழ நீளத்துக்குப் பலகை மாட்டியிருக்கிறேன், நீயே பார்த்திருக்கிறாய். புகார் கொடுத்தவன் கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். ஏற்கெனவே இரண்டு பெண். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆறு மாதமாக வாசலில் வந்து கத்தினான், இப்போது ஸ்கேன் சென்டர்களைக் கண்காணிக்கும் கமிஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டான்.

அவன் ஒருவன் சொல்வதை வக்கீல் சமாளித்துவிடுவார். ஆனால் நோட்டீஸில் இன்னொரு வரி இருக்கிறது. கடந்த எட்டு வருஷமாக நம் ஊரில் நூறு பெண் பிறந்தால் நூற்று இருபத்தொரு பையன் பிறக்கிறானாம். எட்டு வருஷம் என்பது என் சென்டர் திறந்ததிலிருந்து. ‘இதற்கு விளக்கம் தேவை’ என்று கேட்டிருக்கிறார்கள்.

விளக்கம் உன் ஆராய்ச்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது, அக்கா. அலமாரியிலிருந்து எடுத்து ராத்திரி முழுக்கப் புரட்டினேன். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பகுதியில் விகிதம் நூற்றுப் பதினாறு என்று நீயே அட்டவணை போட்டிருக்கிறாய். அப்போது எந்த ஸ்கேன்? எந்த டாக்டர்? நம் மண் அப்படி. சில ஊரில் மாம்பழம் இனிக்கும், சில ஊரில் புளிக்கும். இதை ஒரே ஒரு பக்கத்தில், உன் பல்கலைக்கழகத் தாளில், கையெழுத்துப் போட்டுக் கொடு. பிறப்பு விகிதம் என்றால் இந்த நாட்டில் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நீ சொன்னால் மறுபேச்சு கிடையாது. இல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும்.

உன் மருமகன்கள் இரண்டு பேரும் அத்தையைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

உன் தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மருந்துக் கடை தேவைப்படவில்லை.

நீ என் புத்தகத்தைப் படித்ததில் மகிழ்ச்சி. அட்டவணையோடு நிறுத்திவிட்டாய் என்று தெரிகிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கலாம்.

இயற்கையில் பையன்கள் கொஞ்சம் அதிகமாகத்தான் பிறக்கிறார்கள். நூறு பெண்ணுக்கு நூற்றைந்து பையன். இது எல்லா இடத்திலும் ஒரே அளவல்ல. சில தேசங்களில் நூற்று மூன்று, சில இடங்களில் நூற்று ஏழு. காலத்தோடும் அசையும். பெரிய போர்கள் முடிந்த பிறகு சில நாடுகளில் கொஞ்சம் ஏறியது. பஞ்சத்தில் இறங்கியிருக்கிறது. தாய்மார்களின் ஆரோக்கியம் தேறத் தேறச் சில இடங்களில் மெல்ல உயர்ந்தது; கருவில் பையன்கள்தான் பலவீனம், முன்பு செத்துப் பிறந்தவர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். இந்த அசைவுகளைப் பார்ப்பதில்தான் என் வயது போயிருக்கிறது. அவை ஒன்று, இரண்டு என்று அசையும். நூற்றைந்திலிருந்து நூற்று இருபத்தொன்றுக்கு, பதினாறு என்று துள்ளாது.

அந்தப் பழைய நூற்றுப் பதினாறுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பிறப்பை ஊர்க் காவல்காரரிடம் வாயால் சொல்லிப் பதிந்தார்கள். பையன் பிறந்தால் அப்பா அன்றைக்கே ஓடுவார். பெண் என்றால் மறந்துவிடுவார். சில வருஷம் கழித்துத் தலை எண்ண வந்தபோது, பிறப்புப் பதிவில் இல்லாத எட்டு வயதுப் பெண்கள் வீட்டுக்கு வீடு தண்ணீர் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்த பக்கத்தில் இருப்பது இதுதான்.

அன்று பெண்கள் இருந்தார்கள், கணக்கில் இல்லை. இன்று ஆஸ்பத்திரியிலேயே பதிந்துவிடுகிறார்கள். கணக்கு சரி.

ஆனாலும் நான் எதையும் எடுத்த எடுப்பில் நம்புகிறவள் அல்ல, உன் விஷயத்திலும் அப்படியே. சின்ன ஊரின் எண்கள் ஏமாற்றும். நூறு பிறப்பில் அறுபது பையன் வந்தால் அதிசயமில்லை. எட்டு வருஷப் பதிவுகளை முழுசாக வாங்கிப் பார்க்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

முதுகு எப்படி இருக்கிறது?

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கேட்டது ஒரு பக்கம். நீ பரீட்சை வைக்கிறாய்.

பதிவை எல்லாம் எதற்குத் தோண்டுகிறாய்? உன்னிடம் தீர்ப்பு கேட்கவில்லை. சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்று சொன்னால் போதும். நானும் கொஞ்சம் படித்தேன். வெயில் என்கிறார்கள், தண்ணீரில் இருக்கும் உப்பு என்கிறார்கள், அப்பாவின் வயது, பூச்சிமருந்து, ஏதோ மஞ்சள்காமாலைக் கிருமிகூட ஒரு காலத்தில் பெயர் அடிபட்டதாமே? ‘இயற்கைக் காரணங்களும் இருக்கக்கூடும்’ என்று ஒரு வரி எழுது. ‘கூடும்’ என்றால் பொய் ஆகாது. உங்கள் ஆட்கள் எழுதும் எல்லாக் கட்டுரையிலும் கூடும், கூடும் என்றுதானே முடிக்கிறீர்கள்?

ஊரில் என் நிலைமை உனக்குத் தெரியாது. நேற்று சலூனில் முடி வெட்டப் போனேன். கடைக்காரர் கத்தரியை வைத்துவிட்டு, “டாக்டர், என் மருமக மூணு மாசம். இப்ப நாங்க எங்க போறது?” என்கிறார். கடையில் இருந்த எல்லாரும் சிரிக்கிறார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, அக்கா. அதுதான் வேடிக்கை. அனுதாபப்படுகிறார்கள்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் அவளைப் புரட்டிப் போட்டுத் துடைத்தது நானும் என் மனைவியும். நீ மாநாட்டிலிருந்து போன் பண்ணி, “படுக்கைப் புண் வராம பாத்துக்கோங்க” என்று சொல்வாய். அதற்கெல்லாம் நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவைப் பற்றி நீ எழுதியது சரி. அதற்குக் கூலியாக இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

பதிவுகள் வந்தன. வெயில், உப்பு, பூச்சிமருந்து எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துத்தான் பார்த்தேன். பக்கத்து ஊருக்கும் உனக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர். அங்கே விகிதம் நூற்றாறு. சரி, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு பிள்ளைகளை வரிசைப்படி பிரித்தேன். நம் ஊரில் முதல் பிள்ளையாகப் பிறந்தவர்களில் நூறு பெண்ணுக்கு நூற்றைந்து பையன். உலகம் முழுக்க இருக்கும் அதே நூற்றைந்து. நம் மண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டாவது பிள்ளைகள்: முதலாவது பையனாக இருந்த வீடுகளில் நூற்று நான்கு. முதலாவது பெண்ணாக இருந்த வீடுகளில் நூற்று நாற்பத்தெட்டு. முதல் இரண்டும் பெண்ணாக இருந்த வீடுகளின் எண்ணை எழுத எனக்குக் கை வரவில்லை.

தண்ணீருக்கு எப்படித் தெரியும், இந்த வீட்டில் முன்னால் பிறந்தது பெண் என்று? உப்பு யாரிடம் விசாரித்தது?

நான் முதல் பிள்ளை. அந்த வரிசையில் எந்தக் குறையும் இல்லாததற்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் யாராவது இருந்தார்களா என்று அம்மாவிடம் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் மெஷின் இல்லை.

உன் இரண்டு பையன்களுக்கும் இடையே ஒன்பது வருஷம். இதைப் பற்றியும் நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நீ கேட்ட பக்கத்தை என்னால் எழுத முடியாது. ‘கூடும்’ என்று எழுதுவது எதுவென்று தெரியாதபோது. தெரிந்த பிறகு எழுதினால் அதற்கு வேறு பெயர்.

அக்கா


ஏப்ரல் 15

பேராசிரியர் அவர்களுக்கு,

என் மனைவியை இதில் இழுக்காதே. அவளுக்கு என்ன நடந்தது, எத்தனை தடவை நடந்தது என்பதெல்லாம் உன் அட்டவணைக்குத் தீனி அல்ல. உன் கடிதத்தை அவள் படித்துவிட்டாள். மாடிக்குப் போய் உலர்ந்த துணியை எல்லாம் எடுத்து மறுபடி நனைத்துப் போட்டாள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், ஒரு டாக்டர் சொல்கிறான் என்றே வைத்துக்கொள். அவன் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டானா? அவர்களாக வருகிறார்கள். மாமியார் வருவதை விடு, அந்தப் பெண்களே வருகிறார்கள். மேஜைக்குக் கீழே காலைப் பிடிக்கிறார்கள். “இதுவும் பொண்ணுன்னா என்னை அம்மா வீட்டுல கொண்டு விட்டுருவாங்க சார், அங்கயும் இடமில்ல சார்.” அந்தப் பெண்ணிடம் உன் நூற்றைந்தை எடுத்துச் சொல்லேன், பார்க்கலாம். ஏசி அறையில் உட்கார்ந்து பிறக்காத பிள்ளைகளை எண்ணுவது சுலபம்.

அப்புறம், எங்கள் ஊர் ஒழுங்காக நூற்றைந்தில் நின்றிருந்தால் உனக்கு ஏது வேலை? எந்த மாநாட்டுக்கு உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள்? எங்கள் அழுக்கை விற்றுத்தான் நீ நாற்காலி வாங்கினாய். நாம் இரண்டு பேரும் ஒரே கடையில்தான் வியாபாரம் பண்ணுகிறோம் அக்கா. நான் முன்வாசலில், நீ பின்வாசலில்.

கடைசியாக ஒன்று. இந்தப் புகாருக்கே நீதான் காரணம். அன்றைக்கு என் அறையில் வந்து உட்கார்ந்து எனக்கு மரியாதைப் பாடம் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஹார்டுவேர்காரன் வாசலில் வந்து நின்றிருக்கவே மாட்டான். எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தப்பு. அதுவும் உன்னால். இதற்கு மேல் எழுத மாட்டேன், யோசித்துக்கொள். யோசிப்பதற்குத்தானே சம்பளம்.


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவியைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. அவளிடம் சொல். சொல்ல முடியாவிட்டால் இந்த வரியை மட்டும் காட்டு.

முன்வாசல், பின்வாசல் என்று எழுதியிருந்தாய். மறுக்கலாம் என்று உட்கார்ந்தேன். மறுக்க வரவில்லை.

கடைசிப் பத்தியை யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை, நம்பத்தான் ஆயிற்று.

போன வருஷம் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தேன். சேர்ந்து சாப்பிடப் போகலாம் என்று உன் அறை மூலையில் ஒரு புத்தகத்தோடு காத்திருந்தேன். நீ திரைக்குப் பின்னால் ஸ்கேன் எடுப்பாய், பிறகு மேஜைக்கு வந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவாய். முதலில் வந்தவர்களுக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தாய். அடுத்து வந்தவள் சின்னப் பெண், பிளாஸ்டிக் செருப்பு போட்டிருந்தாள். அவளுக்கு எழுந்திருக்கவில்லை. ரிப்போர்ட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாய். அவளுடைய மாமியார் மேஜையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். ரிப்போர்ட்டை எடுக்காமலே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸம்மாதான் பின்னாலேயே ஓடிக் கொடுத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. “செருப்பைப் பாத்துதான் மரியாதை குடுப்பியா? அவங்களுக்கு எழுந்து குடுத்தே, இவளுக்குக் குடுத்தா கொறஞ்சா போயிடுவே?” என்று கேட்டேன்.

“முதுகு வலிக்குதுக்கா. ஒவ்வொருத்தருக்கும் எழுந்திரிச்சா சாயங்காலம் என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்” என்றாய்.

“அப்ப ஒருத்தருக்கும் எழுந்திரிக்காதே.”

உன் காது சிவந்தது. மூன்றாவதாக ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவன் இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. கையெழுத்துப் போட்டு முடித்ததும் உன் கை மேஜை ஓரத்துக்குத்தான் போயிற்று. நான் கண்ணாடிக்கு மேலாக உன்னைப் பார்த்தேன். நீ எழுந்தாய். ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுத்தாய். அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. போகும்போது எனக்கும் ஒரு கும்பிடு போட்டு, “ரொம்ப நன்றி மேடம்” என்றான். கொஞ்சம் மரியாதை கொடுத்தால் மனிதர்கள் எவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதுகு வலியை நம்பி அன்று சாயங்காலமே உனக்குத் தலையணை வாங்கினேன்.

பையன் என்றால் எழுவாய். பெண் என்றால் மேஜையில் வைப்பாய். வாயால் சொன்னது கிடையாது, எழுதியது கிடையாது. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பிறப்பு விகிதத்தில் இந்த நாட்டில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே.

அந்தச் சாவிக்கொத்துக்காரன்தான் உன் ஹார்டுவேர்காரன். அவன் மனைவியின் வயிற்றில் இருந்தது பெண். அக்கா பார்க்கிறாள் என்ற வெட்கத்தில் நீ எழுந்துவிட்டாய். அதனால் அந்தக் குழந்தை பிறந்துவிட்டாள். அதைத்தான் ‘ஒரே ஒரு தப்பு’ என்கிறாய். அவனும், வாங்கிய திருட்டுச் சாமான் சரியில்லை என்று போலீசுக்குப் போன மாதிரி, தன் தலையிலும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு புகார் கொடுத்திருக்கிறான்.

எனக்குத் தூக்கம் வராதது அவர்களால் அல்ல, அந்தப் பிளாஸ்டிக் செருப்புப் பெண்ணால். அவள் என் அட்டவணையில் எங்கும் வரமாட்டாள். நாங்கள் பிறப்பைத்தான் எண்ணுகிறோம்.

கமிஷனிலிருந்து எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. நிபுணர் கருத்து கேட்டிருக்கிறார்கள். வேறு ஆளைப் பாருங்கள், அவர் என் தம்பி என்று பதில் போட்டுவிட்டேன். அதோடு, சாட்சி தேவைப்பட்டால் வருகிறேன் என்றும் எழுதினேன். விகிதத்தைப் பற்றி அல்ல. அந்த அறையில் உட்கார்ந்து பார்த்ததைப் பற்றி.

அக்கா


மே 11

அக்கா,

வராதே.

திட்டவில்லை, கெஞ்சுகிறேன். எண்ணை வைத்து அவர்கள் எதையும் நிரூபிக்க முடியாது என்று வக்கீல் சொல்கிறார். ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஹார்டுவேர்காரனும் பயந்துபோய் இப்போது மழுப்புகிறான். நீ ஒருத்திதான். நீ வாயைத் திறந்தால் நான் காலி. பெரியவனுக்கு அடுத்த வருஷம் காலேஜ். அவனிடம் நான் என்ன சொல்ல?

உனக்கு ஒரு செய்தி சொல்கிறேன், சந்தோஷப்படு. அந்தக் குழந்தையை அவர்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? ‘டாக்டர் பொண்ணு’. நான் கொடுத்ததாம். அழுதால், “போய் டாக்டர்கிட்ட அழு” என்கிறார்களாம். நீ உயிர் கொடுத்த லட்சணம் இதுதான். இதற்காகவா என்னை விற்கப் போகிறாய்?

நீ வரமாட்டாய் என்று நம்புகிறேன். நம் அம்மாவின் மேல் ஆணை.

தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

இதற்குப் பதில் எழுதமாட்டாய். எழுத வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

கமிஷன் முன்னால் நான் சாட்சி சொல்லும்போது நீ மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வக்கீல் கெட்டிக்காரர். “எழுந்து நிற்பது ஒரு குற்றமா, மேடம்?” என்று அவர் கேட்டபோது அறையில் எல்லாரும் சிரித்தார்கள். இல்லை என்றேன். “உங்களுக்கும் தம்பிக்கும் வீட்டுப் பத்திரத்தில் மனஸ்தாபமா?” என்றார். இல்லை என்றேன். “பிறகு ஏன்?” என்றார். நான் பார்த்ததைச் சொன்னேன், மூன்று பேரையும், வரிசையாக. இரண்டாவதாக வந்த பெண்ணின் செருப்பைச் சொன்னபோது மட்டும் நீ தலை நிமிர்ந்தாய். உனக்கும் அவளை ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். வழக்கு தனியாக நடக்குமாம். பக்கத்து ஊரில் புதிதாக ஒரு சென்டர் திறக்கிறார்கள் என்றும் அதே பக்கத்தில் விளம்பரம் இருந்தது. அந்த ஊரின் நூற்றாறு எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. ஒரு விகிதத்தைத் திருத்திவிட்டேன் என்ற நினைப்பெல்லாம் எனக்கு இல்லை.

நீ பார்க்காமல் போன ஒன்றை எழுதத்தான் இந்தக் கடிதம்.

உன் வக்கீலோடு நீ பின்கதவு வழியாகப் போய்விட்டாய். நான் முன்பக்க வராந்தாவில் காருக்காக நின்றேன். ஹார்டுவேர்காரனின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால் குழந்தையையும் கொண்டு வந்திருந்தாள். பதினோரு மாதம். அக்காக்கள் போட்டுப் பழசான கவுன், தோளில் ஊக்கு குத்தியிருந்தது. தரையில் உட்கார்ந்து பெஞ்சின் காலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவன் வந்து மனைவியைப் பார்த்து, “டாக்டர் பொண்ணைத் தூக்கு, போலாம்” என்றான். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இந்தத் தடவை கும்பிடு இல்லை.

அம்மா குனிவதற்குள் அந்தக் குழந்தை பெஞ்சின் விளிம்பைப் பிடித்து, இரண்டு தடவை வழுக்கி விழுந்து, மூன்றாவது தடவை எழுந்து நின்றுவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. அவளுடைய அம்மா மட்டும், யாருக்கும் கேட்காமல், “அடி என் கழுதை” என்றாள். அப்படி ஒரு கொஞ்சலை நான் கேட்டு வெகு காலம் ஆகிறது.

மருமகன்கள் இருவரும் இனி அத்தையைக் கேட்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். பெரியவனுக்காக அனுப்பிய புத்தகங்கள் திரும்பி வந்துவிட்டன, உன் கையெழுத்தில்.

‘டாக்டர் பொண்ணு’ என்று அவர்கள் வேடிக்கைக்குக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். உன் பெண் என்றால் எனக்கு மருமகள். முறை அப்படித்தான் வருகிறது. அந்தப் புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா